19 நாள், 11 பக்கம், ஒரு சொல்: ஓர் இரண்டாம் கருத்துச் சேவை பற்றி

எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சேவை நிறுவனத்திடமிருந்து ஒரு கருத்துப் படிவம் வந்தது. ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். மூன்றரை கொடுக்க நினைத்தேன், அரை நட்சத்திரத்துக்கு வழியில்லை. கீழே இருந்த கட்டத்தில் 250 எழுத்துக்கு மேல் தட்ட முடியவில்லை. மூடிவிட்டேன். சொல்ல வேண்டியது அதைவிட அதிகம்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இணையவழி இரண்டாம் கருத்துச் சேவைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். ரிப்போர்ட்டுகளைப் பதிவேற்ற வேண்டும், பயாப்ஸி ஸ்லைடுகளை, அதாவது திசுவை மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளை, அனுப்பிவைக்க வேண்டும். அவர்களுடைய மருத்துவர்கள் பார்த்துவிட்டு எழுத்தில் கருத்துத் தருவார்கள். கடைசியில் அரை மணி நேரம் வீடியோவில் பேசலாம். புற்றுநோய் என்று கேள்விப்பட்ட வாரத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடுகிற மனநிலையில்தான் நாம் இருப்போம் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. தொழில் பிழைதிருத்தம். கழுத்தின் இடப்பக்கம், தைராய்டு சுரப்பியில் ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்த செல்களைப் பார்த்து 'பெதஸ்டா 5' என்றார்கள். அந்தச் செல்களைத் தரம் பிரிக்கும் முறை அது, மொத்தம் ஆறு வகை. ஐந்தாவது என்றால் புற்றுநோய் என்ற பலத்த சந்தேகம். தைராய்டின் இடது மடலை மட்டும் அறுவை செய்து எடுத்தார்கள். பயாப்ஸி சந்தேகத்தை உறுதி செய்தது: பாப்பில்லரி கார்சினோமா (தைராய்டுப் புற்றுநோயில் ஒரு வகை), 1.8 சென்டிமீட்டர், சுரப்பிக்கு வெளியே பரவவில்லை, கூடவே வந்த இரண்டு நிணநீர்க் கணுக்களிலும் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே ஒரு வரி. 'இரத்த நாள ஊடுருவல்: உண்டு.' அதாவது, புற்றுச் செல்கள் இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கின்றன.

அந்த 'உண்டு' என்ற சொல்லை வைத்து அறுவை மருத்துவர் அடுத்த கட்டத்தைச் சொன்னார். மீதி மடலையும் எடுத்துவிடலாம், பிறகு, மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம். தேதியும் குறித்தார். அன்பான மனிதர், அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவர் பேசிய விதத்தில் இரண்டும் ஒரே காரியம் போலக் காதில் விழுந்தன: எடுத்துவிட்டு அயோடின். நானும் ஒரே மூச்சில் 'சரி' என்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் பிழை திருத்தினேன். ஓர் எழுத்துப் பிழை, ஒரு இடத்தில் விட்டுப்போன முற்றுப்புள்ளி, அளவுகளில் ஓரிடத்தில் மி.மீ., இன்னோரிடத்தில் செ.மீ. நாற்பது முறையாவது படித்திருப்பேன். என் தங்கை அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "அக்கா, திருத்திக் கொடுத்தால் நோய் திரும்பிப் போய்விடுமா?" என்றாள். போகாதுதான். ஆனால் அந்த வாரம் எனக்குக் கைவந்த வேலை அது ஒன்றுதான் இருந்தது. அழுகை வந்தது வேறொரு நாள், எதற்கும் சம்பந்தமில்லாமல், சாவி கிடைக்கவில்லை என்று.

இரண்டாம் கருத்துச் சேவையைத் தேடிக் கண்டுபிடித்தவளும் தங்கைதான்.

முதலில் குறைகள். ஏழு வேலை நாள் என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள், 19 நாள் ஆனது. ஸ்லைடுகள் மட்டும் போதும் என்று முதலில் சொன்னார்கள். அவை போய்ச் சேர்ந்து ஐந்து நாள் கழித்து, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியும் வேண்டும் என்று கடிதம் வந்தது. அதற்குத் தனிக் கட்டணம். ஏன் வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் இரண்டு இரவு தூங்கியிருப்பேன். மோசமாக எதையோ பார்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அறிக்கை தயாரானதும் செய்தி வந்தது இரவு 2 மணிக்கு. கணக்கைத் திறந்தால் முதல் பக்கத்தில் வேகமானி போல ஒரு வட்டம், பச்சையிலிருந்து சிவப்பு வரை, நடுவில் முள். தலைப்பு: 'உங்கள் ஆபத்து'. இதை வரைந்தவர் தன் தாயாருக்கு இதே படத்தைக் காட்டுவாரா என்று கேட்க ஆசை.

தொகுப்போடு ஒரு மனநல ஆலோசனை அழைப்பும் இலவசம் என்றார்கள். அழைத்த பெண் தொடக்கத்திலேயே, "கவலைப்படாதீர்கள், உங்களுக்கு வந்திருப்பது நல்ல புற்றுநோய்" என்றார். அதற்குள் ஏழெட்டுப் பேர் அதையே சொல்லியிருந்தார்கள். பாப்பில்லரி வகையில் பெரும்பாலோர் நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 'நல்ல' என்ற பெயரடையைக் கேட்டதும், இனி நான் பயப்படுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று யாரோ கையெழுத்து வாங்கிக்கொண்டது போல இருந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். இந்தப் பகுதிக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது.

இனி அந்த 11 பக்கம். ஒரு பத்தியில் நான் ஆண். முன்பு வேறு யாருக்கோ எழுதியதிலிருந்து வெட்டி ஒட்டியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அடுத்தது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சின் அளவு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு 4ஆம் பக்கத்தில் 0.5 முதல் 2 வரை என்று இருந்தது. 7ஆம் பக்கத்தில் 0.1க்குக் கீழே என்று இருந்தது. தைராக்சின் மாத்திரையின் அளவையே இதை வைத்துத்தான் கூட்டுவார்கள், குறைப்பார்கள். 0.1க்குக் கீழே அழுத்தி வைப்பது அதிக ஆபத்துள்ளவர்களுக்கு; அப்படி வெகுகாலம் வைத்தால் இதயத் துடிப்பும் எலும்பும் பாதிக்கப்படலாம். வீடியோவில் கேட்டபோது மருத்துவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், முகம் மாறியது. "7ஆம் பக்கம் பொதுப் படிவம். உங்களுக்கு அது பொருந்தாது. மன்னியுங்கள்" என்றார். நான் பிழைதிருத்துபவள், கண்டுபிடித்தேன். மற்றவர்கள்?

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றரை நட்சத்திரம் ஏன் என்றால், 5ஆம் பக்கம்.

அந்தப் பக்கத்தை எழுதியவர் அவர்களுடைய நோய்க்குறியியல் நிபுணர். தைராய்டு ஸ்லைடுகளையே அதிகம் பார்ப்பவராம். என் ஸ்லைடுகளை அவர் முதலிலிருந்து படித்திருக்கிறார். 'உண்டு' என்று சொன்ன இடத்தில் செல் கூட்டம் ஒன்று ஒரு வெற்றிடத்துக்குள் கிடப்பது போலத் தெரிகிறது. திசுவைப் பதப்படுத்தும்போது அது சுருங்குவதாலும் இப்படி ஓர் இடைவெளி உண்டாகும் என்று எழுதியிருந்தார். உண்மையான இரத்தக் குழாய் என்றால் அதன் உட்சுவரில் மெல்லிய செல் வரிசை இருக்கும். அதைத் தேடுவதற்கு சி.டி.31 என்ற சாயச் சோதனை. அதற்காகத்தான் மெழுகுக் கட்டி கேட்டிருக்கிறார்கள்! சோதித்த இடத்தில் குழாய்ச் சுவர் இல்லை. அவருடைய முடிவு: 'இரத்த நாள ஊடுருவல்: இல்லை.'

ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போட்டிருக்கிறார். தொழிலில் 30 வருடமாக நான் செய்துவருவதும் அதுதான், ஆனால் இப்படி ஒரு திருத்தத்தை என் கண்ணால் பார்த்ததில்லை.

அரை மணி நேர வீடியோவும் நன்றாகவே இருந்தது. மருத்துவர் பொறுமைசாலி. நான் முதலில் கேட்டது ஸ்டேஜ் பற்றி. எல்லோரும் 'ஸ்டேஜ் 1' என்று ஆறுதல் சொல்கிறார்களே என்றேன். இந்த நோயில் 55 வயதுக்குக் கீழே இருந்தால் ஸ்டேஜ் 3, ஸ்டேஜ் 4 என்பதே கிடையாது, நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் 2தான் என்றார். ஸ்டேஜ் என்பது உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கான கணக்கு. திரும்பி வருமா என்பதற்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வேறொரு வகைப்பாடு. நாள ஊடுருவல் 'உண்டு' என்றால் நான் நடுத்தரம், 'இல்லை' என்றால் குறைவு. மூன்று மாதமாக யாரும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லவில்லை.

அறிக்கையில் 2022இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வை எடுத்துக் காட்டியிருந்தார்கள். குறைந்த ஆபத்துள்ள 776 பேர். பாதிப் பேருக்குக் கதிரியக்க அயோடின், மீதிப் பேருக்கு வெறும் கண்காணிப்பு. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் பிரச்சினை எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் அயோடின் பிரிவில் 95.9 சதவீதம், கண்காணிப்புப் பிரிவில் 95.6 சதவீதம். படித்ததும் துள்ளினேன். பிறகு அடிக்கோடிட்டுப் படித்தேன்: அவர்கள் எல்லோருக்கும் முழுச் சுரப்பியையும் எடுத்திருந்தார்கள். எனக்குப் பாதிதான். இது எனக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன்.

"நேராகப் பொருந்தாது" என்றார். "உங்கள் முன்னால் இருப்பது இரண்டு கேள்வி. மீதி மடலை எடுப்பதா என்பது ஒன்று. எடுத்தால் அயோடின் வேண்டுமா என்பது இன்னொன்று. இந்த ஆய்வு இரண்டாவதற்குத்தான் பதில்."

நான் செலுத்திய கட்டணத்தில் பாதிக்குமேல் இந்தச் சில வாக்கியங்களுக்கே போகட்டும். ஒரே மூச்சில் 'சரி' சொன்ன காரியம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

முதல் கேள்விக்கு அவர் ஒருபக்கமாகப் பேசவில்லை. மீதி மடலை எடுத்துவிட்டால் பின்தொடர்வது சுலபம். தைரோகுளோபுலின் என்ற ரத்தச் சோதனையில் அளவு ஏறினால் ஏதோ இருக்கிறது என்று தெரியும். பாதிச் சுரப்பி உள்ளே இருக்கும்வரை அதுவே அந்தப் புரதத்தைச் சுரந்துகொண்டிருக்கும். சோதனை தெளிவாகப் பேசாது. மறுபக்கம், இன்னோர் அறுவை என்றால் வலப்பக்கக் குரல் நரம்பு, கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டுகள் இவற்றுக்கு ஆபத்து, ஆயுள் முழுக்க மாத்திரை. 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையிலான, பரவாத, குறைந்த ஆபத்துள்ள கட்டிகளுக்கு ஒரு மடலை எடுத்தால் போதும் என்பதை அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டியே ஏற்றுக்கொண்டது என்றும் சொன்னார். முடிவை என்னிடமே விட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. காசு கொடுத்தவளுக்கு 'இதைச் செய்' என்று சொல்லக் கூடாதா?

என் தராசில் கனமாக இருந்தது குரல். எங்கள் வேலையில் இன்னமும் சில புத்தகங்களை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தோடு ஒப்பிடுவார். உரக்கப் படிப்பவள் நான். முதல் அறுவைக்குப் பிறகு மூன்று வாரம் குரல் கரகரத்து, ஒரு பக்கம் படிப்பதற்குள் களைத்துப்போனேன். இது எந்த ஆய்விலும் இருக்காது. வீடியோ மருத்துவரும் கேட்கவில்லை. இரண்டாம் கருத்துக் கேட்கப் போகிறவர்கள், உங்கள் பிழைப்பு எதை நம்பியிருக்கிறது என்பதை நீங்களாகவே முதல் நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

5ஆம் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு என் அறுவை மருத்துவரிடம் போனேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்து, தங்கையை முன்னால் நடக்கவிட்டேன். அவர் நின்றபடியே படித்தார், உட்கார்ந்து மறுபடி படித்தார். "அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் சொன்னேன். வரி மாறினால் நானும் மாறுவேன்" என்றார். ஸ்லைடுகளின் படங்களைத் தங்கள் வாராந்திரக் கூட்டத்தில் இன்னொரு முறை பார்த்தார்கள். அங்கேயும் 'இல்லை' என்றே முடிந்தது. குறித்திருந்த தேதியை ரத்து செய்தோம். ஆறு மாதம் கழித்துக் கழுத்து ஸ்கேன், ரத்தத்தில் டி.எஸ்.எச்., அவ்வளவுதான் இப்போதைக்கு. ஏதாவது தெரிந்தால் மீதி மடலை அப்போது எடுக்கலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்றார்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இடம் மாறியிருக்கிறது. முன்பு அறுவை நாளில் இருந்தது, இப்போது ஸ்கேன் நாளில் இருக்கிறது. நடுவில் கிடைக்கும் நாட்களில் வேலை பார்க்க முடிகிறது.

இந்த வகைச் சேவையை வாங்கலாமா? ஸ்லைடுகளை அவர்களே மறுபடி படிப்பார்களா, படிப்பவர் தைராய்டு பார்த்துப் பழகியவரா என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் ரிப்போர்ட்டைப் படித்து அதன்மேல் கருத்து எழுதுகிறவர்கள் என்றால் வேண்டாம். என் விஷயத்தில் அப்படி நடந்திருந்தால் அந்த 'உண்டு' இன்னும் நேர்த்தியான எழுத்தில் மறுபடி அச்சாகி வந்திருக்கும். மெழுகுக் கட்டியையும் ஆரம்பத்திலேயே சேர்த்து அனுப்பிவிடுங்கள், ஒரு வாரம் மிச்சம். ஆபத்து வட்டத்தைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்லைடுகளும் மெழுகுக் கட்டியும் பத்து நாளில் திரும்பி வரும் என்றார்கள். இன்று 34ஆம் நாள். மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், அதில் நான் மறுபடியும் ஆண்.