தாய்லாந்து ஜெட்கள்: எஃப்-16, கிரிப்பன், எஃப்-5 மூன்றில் எதற்கு முதல் இடம்?

வார் தண்டரில் (விமானம், டாங்கி, கப்பல் ஓட்டிச் சண்டையிடும் ஆன்லைன் விளையாட்டு) ஒரு நாட்டின் விமானங்களைச் சேர்க்கும் பேச்சு எடுத்தாலே, இருப்பதில் பலமானது எது என்ற கேள்விக்குத்தான் எல்லோரும் போய்ச் சேர்கிறார்கள். தாய்லாந்து விஷயத்திலும் அப்படித்தான். "கிரிப்பன் இருக்கிறது, அது போதும், மற்றதெல்லாம் எதற்கு" என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு விமானத்தைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வேறு எந்த நாட்டு டெக் ட்ரீயிலும் (ஆடி ஆடிப் படிப்படியாகத் திறக்கும் வாகன வரிசை) கிடைக்காத எதையாவது அது தருகிறதா? போய்ச் சேரும் டெக் ட்ரீயில் உள்ள ஓட்டையை அடைக்கிறதா? இந்த இரண்டையும் வைத்து அளந்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. எஃப்-5இன் புதுப்பித்த வகையான எஃப்-5டிஎச் முதலில், எஃப்-16 இரண்டாவது, கிரிப்பன் கடைசி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இடம். தாய்லாந்தை ஜப்பானின் கிளையாக வைத்திருப்பதை ஏற்காதவர்கள் உண்டு. 1945க்குப் பிறகு தாய் விமானப்படை வாங்கியதில் பெரும்பங்கு அமெரிக்கச் சரக்கு, அதனால் அமெரிக்காவின் கீழ் வைத்திருக்கலாம் என்பது ஒரு வாதம். ஆனால் அமெரிக்க டெக் ட்ரீயில் ஏற்கெனவே கால் வைக்க இடமில்லை. தென்கிழக்காசிய நாடுகளைச் சேர்த்துத் தனி டெக் ட்ரீ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மலேசியாவின் சுகோய், சிங்கப்பூரின் எஃப்-15 என்று உச்சத்தில் நன்றாக நிரம்பும். கீழ்நிலைகளில் பாதி காலியாகக் கிடக்கும். ஜப்பானோடு உறவு வெறும் வசதிக்காகச் சொல்வதும் இல்லை. 1940-41இல் பிரெஞ்சு இந்தோசீனாவுடன் நடந்த போரிலேயே தாய்லாந்து ஜப்பானிடம் வாங்கிய கி-30 குண்டுவீச்சு விமானங்களைப் பறக்கவிட்டது. பின்னால் கி-27, கி-43 எல்லாம் தாய் வண்ணத்தில் பறந்தன. ஆக, ஜப்பானே சரி.

ஜப்பானுக்கு என்ன குறை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஜப்பானிய வான் தற்காப்புப் படையின் வேலை தன் வானைக் காப்பதும், வரும் கப்பல்களைத் தடுப்பதும். அடுத்தவர் மண்ணில் இருக்கும் டாங்கியைத் தேடிப் போய் அடிக்கும் வேலைக்காக அது கட்டப்படவில்லை. அதனால் எஃப்-1, எஃப்-4இஜே காய் போன்ற விமானங்களில் தரைத் தாக்குதல் என்றால் பெரும்பாலும் வழிகாட்டல் இல்லாத குண்டும் ராக்கெட்டும்தான். டாங்கியும் விமானமும் சேர்ந்து மோதும் கலப்புப் போரில் ஜப்பானை எடுப்பவர்களுக்கு இது தெரியும். மேலே எதிரி ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேவரிக் தரைத் தாக்குதல் ஏவுகணையை விட்டுக்கொண்டிருப்பான். நாம் விமான எதிர்ப்புப் பீரங்கியின் வாய்க்கு நேராக இறங்கிக் குண்டு போட வேண்டும்.

இந்தக் கணக்கில் தாய் எஃப்-16 நல்ல மதிப்பெண் வாங்குகிறது. 1988இல் முதல் விமானங்கள் வந்தன. "பீஸ் நரேசுவன்" என்று மன்னர் நரேசுவன் பெயரில் அமைந்த திட்டம் அது. கோராட்டில் 102, 103 படையணிகள், தாக்லியில் 403. பின்னால் அமெரிக்கா பயன்படுத்திய ஏடிஎஃப் (வான் பாதுகாப்பு) வகை விமானங்களும் வந்தன. இரவில் அருகில் வரும் விமானத்தை அடையாளம் காண மூக்கின் இடப்பக்கம் தேடுவிளக்கு பொருத்திய வகை. சிங்கப்பூரும் ஏழு எஃப்-16களைக் கொடுத்தது. 2010களில் 403ஆம் படையணியின் 18 விமானங்கள் புதுப்பிக்கப்பட்டன. புது ரேடார், ஹெல்மெட் சைட், ஐரிஸ்-டி ஏவுகணை, இலக்கைக் குறிவைக்கும் ஸ்னைப்பர் பாட் எல்லாம் ஏறின.

"எஃப்-16 எல்லோரிடமும் இருக்கிறதே, காப்பி பேஸ்ட்தானே" என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஜப்பானில் மட்டும் நிலைமை வேறு. 2022 டிசம்பரில் விளையாட்டில் ஜப்பானுக்குக் கிடைத்த எஃப்-16ஏஜே, முன்மொழிவாகவே நின்றுபோன ஒன்று. ஜப்பான் அதை வாங்கவே இல்லை. வரலாற்றை மதிக்கும் ஆட்டக்காரர்களுக்கு அது இன்றும் உறுத்துகிறது. அதே டெக் ட்ரீயில் தாய் எஃப்-16 நிற்கும்போது, வால் எண்ணோடும் படையணிச் சின்னத்தோடும் உண்மையில் பறந்த ஒரு விமானம் அந்த இடத்துக்கு வருகிறது. லேசர் குண்டும் மேவரிக்கும் கூடவே வருகின்றன. இரண்டாவது கேள்விக்கு முழு மதிப்பெண், முதல் கேள்விக்குப் பாதிக்கும் கீழே.

அப்புறம் ஸ்வீடனின் கிரிப்பன். 2008இல் ஆறு, 2010இல் இன்னும் ஆறு என்று மொத்தம் 12 விமானங்களுக்கு ஒப்பந்தம். 2011 முதல் சூரத் தானியில் 701ஆம் படையணியில் பறக்கின்றன. 2017 ஜனவரியில் ஹாட்யாயில் குழந்தைகள் தின விமானக் காட்சியில் ஒன்று விழுந்து விமானி இறந்தார். அதற்குப் பிறகு 11. கிரிப்பனோடு ஸ்வீடன் எரியை ரேடார் சுமந்த சாப்-340 கண்காணிப்பு விமானங்களையும் கொடுத்தது. எல்லாம் ஒரே தரவு வலையில் பேசிக்கொள்ளும்படி அமைத்தார்கள். ஒரு சிறிய விமானப்படை யோசித்து வாங்கிய தொகுப்பு அது. படிக்கப் படிக்க மதிப்புக் கூடும்.

ஆனால் விளையாட்டுக்குள் அந்தச் சிறப்பு எதுவும் தெரியாது. கண்காணிப்பு விமானமோ தரவு வலையோ அங்கே பெரிதாக வேலை செய்வதில்லை. ஆட்டக்காரர் கைக்கு வருவது வெறும் ஜேஏஎஸ்-39சி, அதாவது ஒற்றை இருக்கை கிரிப்பன். அது 2023 டிசம்பரிலேயே ஸ்வீடனுக்கு வந்தாயிற்று. தென்னாப்பிரிக்காவின் பெயரில் பிரிட்டனுக்கும், ஹங்கேரியின் பெயரில் இத்தாலிக்கும் வந்தாயிற்று. தாய்லாந்தினுடையது இன்னொரு பிரதி. நன்றாகப் பறக்கும், நன்றாகத் திரும்பும், ஜெயிக்கவும் வைக்கும். ஆனால் ஏற்கெனவே ஸ்வீடனில் கிரைண்ட் பண்ணி (மணிக்கணக்கில் ஆடிப் புள்ளி சேர்த்து) முடித்த ஒருவருக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வித்தியாசத்தைக் கொண்டுவர வழி உண்டு. 12இல் நான்கு இரட்டை இருக்கை கொண்ட டி வகை. அந்த வகையில் உள்பீரங்கியே கிடையாது, 27 மிமீ மௌசர் ஒற்றை இருக்கை சி-யில் மட்டும்தான். பீரங்கியில்லாமல், ஏவுகணையை மட்டும் நம்பிப் பறக்கும் கிரிப்பன் என்றால் ஆட்டமே மாறும். அந்த டி-யைக் கொடுத்தால் என் எதிர்ப்பில் பாதி குறைந்துவிடும்.

இனி எஃப்-5. சாதாரண எஃப்-5இ-க்காக நான் வாதாடவில்லை. அது அமெரிக்காவில் இருக்கிறது, தைவான் வழியாகச் சீனாவிலும் இருக்கிறது. நான் சொல்வது அதன் தாய்லாந்து அவதாரம். உபோன் ராட்சத்தானியில் 211ஆம் படையணியின் எஃப்-5இ-க்களை 2000களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனம் புதுப்பித்தது. ஹெல்மெட் சைட்டும் பைத்தான்-4 ஏவுகணையும் ஏறி அவை எஃப்-5டி டிக்ரிஸ் ஆயின. பத்தாண்டு கழித்து மறுபடியும் பிரித்து மேய்ந்தார்கள். இந்த முறை இஎல்/எம்-2032 ரேடார், பைத்தான்-5, தானே இலக்கைத் தேடும் டெர்பி ஏவுகணை, தாய்லாந்தின் சொந்தத் தரவு இணைப்பான லிங்க்-டி. பெயர் எஃப்-5டிஎச் சூப்பர் டிக்ரிஸ்.

இதை விளையாட்டின் கண்ணோடு கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். எஃப்-5இ-யின் இரண்டு ஜே-85 எஞ்சின்களும் ஆஃப்டர்பர்னரோடு சேர்ந்து தருவது ஏறத்தாழ 44 கிலோநியூட்டன். கிரிப்பனின் ஒற்றை ஆர்எம்-12 எஞ்சின் 80 தருகிறது. எஃப்-16இன் எஞ்சின் 100ஐத் தாண்டுகிறது. இறக்கை நீளமோ எஃப்-5க்கு 8.13 மீட்டர், கிரிப்பனுக்கு 8.4. அளவில் கிட்டத்தட்ட ஒன்று, தள்ளும் பலத்தில் பாதி. அதாவது உச்ச நிலை ஆட்டத்தின் கண்ணும் கையும் இந்த விமானத்திடம் இருக்கின்றன, கால் மட்டும் 1970களுடையது.

அதனால் ஓட்டும் விதமே வேறாகிறது. எஃப்-16இல் தவறு செய்தால் மூக்கைத் தூக்கி மேலே ஏறித் தப்பிக்கலாம். கிரிப்பனில் ஒரு திருப்பத்தில் வேகத்தை இழந்தாலும் சீக்கிரம் மீட்டுவிடலாம். எஃப்-5டிஎச்-இல் இரண்டும் நடக்காது. ஒரு இறுக்கமான திருப்பம் எடுத்தால் அந்த வேகம் திரும்பி வர வெகுநேரம் ஆகும். பதிலுக்கு அது மெல்லிய விமானம். நேருக்கு நேர் வரும்போது கண்ணுக்கே தட்டுப்படாது. டெர்பியின் எடை 118 கிலோதான், அமெரிக்க ஆம்ராம் ஏவுகணை 150ஐத் தாண்டும். சிறிய இறக்கைக்குப் பொருத்தமான ஏவுகணை, ஆனால் எட்டும் தூரம் குறைவு. எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று முன்கூட்டியே யோசிப்பவருக்குத்தான் இது கொடுக்கும். அவசரக்காரருக்கு ஒன்றும் கொடுக்காது. உச்ச நிலையில் இப்படி ஒரு விமானம் கிடைப்பதே அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. பி.ஆர். (யாரோடு யார் மோதுவது என்பதைத் தீர்மானிக்கும் தர எண்) எங்கே வைப்பது என்பது பெரிய தலைவலி. பைத்தான்-5ஐ முழுத் திறனோடு கொடுத்தால் கீழ்நிலை விமானங்களை வேட்டையாடும். அதற்காக உச்சத்தில் கொண்டுபோய் வைத்தால் எஞ்சின் தாங்காது. இதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. டிக்ரிஸ், சூப்பர் டிக்ரிஸ் என்று இரண்டு படிகள் உண்மையில் இருந்தன. பைத்தான்-4ஓடு டிக்ரிஸ் ஒரு நிலையில், டெர்பியோடு சூப்பர் டிக்ரிஸ் அதற்கு மேல் ஒரு நிலையில். ஒரே உடலை மூன்று தலைமுறை ஆயுதங்களோடு ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பை இவ்வளவு இயல்பாகத் தரும் நாடுகள் அதிகமில்லை.

பீரங்கி பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்-16இன் ஆறு குழல் வல்கனில் 500 சுற்றுக்கு மேல் இருக்கும், தாராளமாக அழுத்தலாம். கிரிப்பன் சி-யின் மௌசரில் 120 சுற்றுதான், ஆனால் பட்டால் பெயர்த்துவிடும். எஃப்-5இ பிறந்தபோது மூக்கில் இரண்டு 20 மிமீ பீரங்கிகள் இருந்தன. தரைத் தாக்குதலில் எஃப்-16தான் மூன்றிலும் முன்னால் நிற்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அதற்கு இரண்டாம் இடம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினிடமிருந்து 1997இல் சக்ரி நருபேத் விமானந்தாங்கிக் கப்பலோடு தாய்க் கடற்படைக்கு வந்த ஏவி-8எஸ் மெட்டடார் ஹாரியர்கள் 2006இல் ஓய்வு பெற்றன. கடற்படையில் அவற்றின் வாழ்க்கை சோகமானது, உதிரிபாகம் இல்லாமல் பாதிக் காலம் தரையிலேயே கிடந்தன. விளையாட்டில் அந்தக் கவலை இல்லை. நின்ற இடத்திலிருந்து எழும்பும் ஜெட் விளையாட்டில் உள்ள ஜப்பானின் சொந்த விமானங்களில் கிடையாது என்பதால் மெட்டடாருக்கு ஒரு பெட்டி நிச்சயம் ஒதுக்கலாம். ஆல்ஃபா ஜெட், எல்-39 இரண்டும் இருந்தால் இருக்கட்டும். கீழ்நிலையில் எனக்குப் பிடித்தது கர்ட்டிஸ் ஹாக் 75என். மடங்காத சக்கரம், இறக்கைக்குக் கீழே 23 மிமீ மாட்சன் பீரங்கி, சிவப்புச் சதுரத்தில் வெள்ளை யானை பொறித்த 1940களின் சின்னம். தாய் வண்ணமடித்த இன்னொரு கி-43ஐ விட இது எவ்வளவோ மேல்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. 2025 ஜூலை 24 அன்று தாய்லாந்தின் எஃப்-16கள் கம்போடிய ராணுவ இலக்குகளைத் தாக்கின. இரண்டு நாள் கழித்து கிரிப்பன்களும் இறங்கின. எல்லையின் இரு பக்கமும் லட்சக்கணக்கான மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள், பலர் இறந்தார்கள். அந்தத் தாக்குதலில் போன விமானத்தின் எண்ணை விளையாட்டில் ஸ்கின் (விமானத்துக்குப் பூசும் வெளித்தோற்றம்) ஆக்கி விற்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதைக் கைவிட வேண்டும். படையணிச் சின்னங்கள் போதும், 701இன் சுறாவும் 403இன் நாகமும் பார்க்க அழகாகவே இருக்கின்றன.

கடைசியாக, விலை. இந்த மாதிரி வித்தியாசமான விமானங்களைப் பணம் கொடுத்து வாங்கும் பிரீமியம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது இந்த வகை விளையாட்டுகளில் அடிக்கடி நடக்கிறது. தாய்லாந்து விஷயத்தில் அதை நேர்மாறாகச் செய்ய வேண்டும். வேறு மூன்று வழியில் கிடைக்கிற கிரிப்பனைப் பிரீமியம் ஆக்கினால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. எஃப்-16ஐயும், எஃப்-5இ-யில் தொடங்கி டிக்ரிஸ் வழியாக சூப்பர் டிக்ரிஸ் வரைக்கும் உள்ள வரிசையையும் ஆராய்ச்சிப் புள்ளி சேர்த்து எடுக்கும்படி டெக் ட்ரீயிலேயே வைக்கட்டும். கி-43இல் தொடங்கிய ஒருவர் ஒரு ரூபாய் செலவழிக்காமல் உபோனின் எஃப்-5 வரை வந்துசேர வழி இருக்க வேண்டும்.