பரண்மேல் கிடந்த துப்பாக்கி: கம்பெனிச் சரக்கா, என்ஃபீல்டா, நாட்டு வேலையா?

வேலூர், ஆற்காடு, ஆம்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று இருந்தால், பெரும்பாலும் கூடவே ஒரு கதையும் இருக்கும்: "1806 புரட்சியப்போ கோட்டையிலிருந்து வந்தது." கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்க ஒரு டேப்பும் வெர்னியரும் (விட்டம் அளக்கும் கருவி) டார்ச்சும் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். கருமருந்து நூறு வருடம் கிடந்தாலும் செத்துப்போவதில்லை. ஒரு மரக்குச்சியைக் குழல்வாய் வழியாக அடிவரை மெதுவாக விடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பொறி பறக்கும். வாயருகே குச்சியில் கோடு போட்டு வெளியே எடுத்து, குழலின் மேல் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி தீத்துளை (மருந்துக்குத் தீ போகும் ஓட்டை) வரை, அல்லது கேப் (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) மாட்டும் முளை வரை, போனால் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் ஏதோ அடைத்திருக்கிறது. அது துணியா, பழைய குளவிக்கூடா, உயிருள்ள மருந்தா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. சூடு காட்டுவது, தட்டுவது, குத்தி எடுப்பது எதுவும் கூடாது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல், காவல் நிலையத்துக்குச் சொல்லி ஆளை வரவழையுங்கள்.

காலி என்று தெரிந்தபின் அடையாளம். இந்தப் பக்கம் எதிர்பார்க்கக்கூடியவை முக்கியமாக நான்கு: கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் சக்கிமுக்கித் துப்பாக்கி (கல் உரசிப் பொறி எழுப்புவது), அதையே பிற்பாடு கேப்புக்கு மாற்றியது, 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள், உள்ளூர்க் கொல்லர் செய்த நாட்டுத் துப்பாக்கி.

கம்பெனித் துப்பாக்கியையும் என்ஃபீல்டையும் குழல் நீளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. கம்பெனித் துப்பாக்கியான 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட்டுக்கும் 39 அங்குலம், மூன்று பட்டை என்ஃபீல்டுக்கும் 39 அங்குலம். பலர் சறுக்குவது இங்கேதான். குழலைத் தாங்கும் மரக்கட்டையைப் பாருங்கள். கம்பெனித் துப்பாக்கியில் குழலைக் கட்டையோடு பிடிப்பது குறுக்கே செருகிய சிறு ஆணிகள். விசைக் காப்பு, கட்டையின் அடித்தகடு எல்லாம் பித்தளை. என்ஃபீல்டில் குழலைச் சுற்றி மூன்று இரும்புப் பட்டை. இந்த வித்தியாசம் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். அடுத்தது வாயின் விட்டம். மஸ்கட்டுக்கு 0.75 அங்குலம், அதாவது சுமார் 19 மி.மீ. என்ஃபீல்டுக்கு 0.577, சுமார் 14.7 மி.மீ. தேய்ந்த வாய் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதனால் இரண்டு மூன்று திசையில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும்போது மூன்று புரி (சுருளாக ஓடும் பள்ளம்) தெரிந்தால்தான் அது ரைஃபிள். தெரியாவிட்டால் எடுத்தவுடன் 'தேய்ந்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டு உருவத்திலேயே புரியில்லாத துப்பாக்கி கொடுத்தார்கள். வாய் 0.656 அங்குலம், 16.7 மி.மீ. குறிபார்க்க, தூரம் குறித்த ஏணி வடிவக் குறிக்குப் பதிலாக, சும்மா ஒரு பள்ளம் வெட்டிய கட்டை. அரசாங்கத்தின் அவநம்பிக்கையை அந்த இரண்டு மி.மீட்டரில் படிக்கலாம். இப்படி ஒன்று கையில் இருந்தால் அது 1858-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

இப்போது 1806 கதைக்கு வருவோம். குதிரையின் (விசையை இழுத்ததும் அடிக்கும் பாகம்) பக்கத்துத் தகட்டில் கம்பெனி முத்திரை இரண்டு விதமாக வரும். ஒன்று, மேலே 4 போன்ற குறியும் உள்ளே வி.இ.ஐ.சி. (கம்பெனிப் பெயரின் சுருக்கம்) எழுத்துகளும் கொண்ட இதய வடிவம். இன்னொன்று, பின்னங்காலில் நின்று மகுடம் ஏந்தும் சிங்கம். சிங்கம் வந்தது 1808-இல். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. சிங்கம் இருந்தால் அந்தத் தகடு அந்த இரவில் கோட்டைக்குள் இருந்திருக்காது. இதயம் இருந்தால் கதை நிரூபணமாகிவிடாது, ஆனால் இடிந்தும் போகாது. குதிரையின் கழுத்து அன்னம்போல வளைந்திருந்தால் பழைய மாதிரி. நடுவில் வளையமிட்டுக் கெட்டிப்படுத்தியிருந்தால் 1809-க்குப் பிந்தியது. கேப் முளை இருந்தால் இன்னும் எளிது: கேப்புக்கு வழிவிட்ட காப்புரிமையே 1807-இல்தான் எடுக்கப்பட்டது, பட்டாளத்தில் கேப் பரவியது 1840 வாக்கில்.

"அப்போ சக்கிமுக்கியாய் இருந்ததைத்தானே மாற்றியிருக்கலாம்?" மாற்றியிருக்கலாம், நிறைய மாற்றினார்கள். அதற்கும் தடயம் உண்டு. தகட்டின் வெளிப்புறத்தில், மருந்துக் கிண்ணியும் அதன் மூடியின் வில்லும் இருந்த இடத்தில் அடைத்த திருகுத் துளைகள் வட்ட வட்டமாகத் தெரியும். குழலின் பக்கத்துத் துளையில் உருளை ஒன்றைத் திருகி, அதன்மேல் முளை வைத்திருப்பார்கள். இவை எதுவும் இல்லாத வழுவழுப்பான தகடு என்றால், பிறந்ததே கேப்புத் துப்பாக்கியாகத்தான்.

எழுத்துகளை நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தகடு எளிதாகக் கழற்றி மாட்டக்கூடியது. அதிலுள்ள வருடம் தகட்டின் வருடம், துப்பாக்கியின் வருடம் அல்ல. 'டவர்' என்று இருந்தால் லண்டன் கோபுரத்தில் செய்தது என்று பொருளில்லை, பர்மிங்காம் ஒப்பந்தக்காரர்களும் அதே சொல்லைப் பொறித்தார்கள். மகுடத்தின் கீழுள்ள ஜி.ஆர். (ஜார்ஜ் மன்னர்கள்) 1830 வரைக்கும், வி.ஆர். (விக்டோரியா ராணி) 1837 முதல் 1901 வரைக்கும் என்று ஆண்டுக்கணக்கை விரிக்கும், அவ்வளவுதான். ஆனால் என்ஃபீல்டு உடம்பில் ஜி.ஆர். இருந்தால், அல்லது எழுத்தே திரும்பி நின்றால், அலங்காரக் கடைக்காகச் செய்த நகல் என்று சந்தேகப்படுங்கள். நகலில் பல சமயம் தீத்துளை துளைக்கப்பட்டே இருக்காது. குழலை மாற்றுவது கடினம் என்பதால், குழலைச் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாக அதன் அடியில் உள்ள சோதனை முத்திரைகளுக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன். பொடி தூவி, டார்ச்சைக் கிடையாகப் பிடித்தால் மங்கிய குறியும் எழும்.

நாட்டுத் துப்பாக்கிக்கு இந்த முத்திரை எதுவும் இராது. குழலில் நீளவாக்கில் ஒட்டுக் கோடு, தண்ணீர் பைப்பின் சீரான தடிமன், மின்வெல்டிங் மணிகள், ஆறுமுக நட்டு ஆகியவை தென்பட்டால் இருபதாம் நூற்றாண்டு. ஜவ்வாது மலைப் பக்கம் போலீஸ் பிடிக்கும் துப்பாக்கிகள் பல இந்த வகைதான். குழலைக் கம்பியாலோ தோலாலோ கட்டியிருந்து, குதிரை இருக்கவேண்டிய இடத்தில் திரி பிடிக்கும் கவை இருந்தால் மட்டும் நிதானியுங்கள். அது திரித்துப்பாக்கி, பழையதாக இருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு வருடாவருடம் புளி போட்டுத் தேய்த்த பித்தளையிலும், சந்தனம் அப்பிய தகட்டிலும் எழுத்து போய்விடுகிறது. உப்புத்தாளும் செங்கல் பொடியும் அதைவிட மோசம். மெல்லிய எண்ணெயில் நனைத்த துணி போதும்.

சட்டப்படி, வயது மட்டும் விலக்கு தராது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவு விலக்குவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளை. சுடக்கூடிய என்ஃபீல்டுக்கு உரிமம் வேண்டும். உரிமதாரர் இறந்திருந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்காகப் பத்திரப் பெட்டியைத் திறக்கும்போது, தாத்தாவின் பழைய உரிமப் புத்தகத்தையும் தேடுங்கள். ஆயுத விவரத்துக்கான இடத்தில் அன்றைய குமாஸ்தா எழுதி வைத்த வரி, உங்கள் அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.