ஒரே 5.9 சதவீதம்: ஃபுல்லர்ஸ் ஈஎஸ்பியா, தார்ன்பிரிட்ஜ் ஜெய்ப்பூரா?

இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் வைத்து லேபிளைப் பார்த்தால் ஒரே எண்தான்: 5.9 சதவீதம் ஆல்கஹால். இரண்டும் இங்கிலாந்தில் காய்ச்சிய ஏல் என்ற பியர் வகை. இரண்டுமே கசப்புக்குப் பெயர் போனவை. ஊற்றிப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று உறவே இல்லை என்று தெரியும். ஃபுல்லர்ஸ் ஈஎஸ்பி புளி போட்டுத் தேய்த்த செப்புக்குடத்தின் நிறம். தார்ன்பிரிட்ஜ் ஜெய்ப்பூர் காய்ந்த வைக்கோலின் வெளிர் மஞ்சள்.

வலுவாகவும் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் கொடிப் பூ) தூக்கலாகவும் ஒரு இங்கிலீஷ் ஏல் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு இவற்றில் எதைச் சொல்வது என்று எனக்கே வெகுநாள் குழப்பம். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், லண்டனில் என் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து இரண்டையும் நிதானமாகக் குடித்துப் பார்த்தோம். துணைக்கு கார்ன்வாலில் இருந்து வரும் செயின்ட் ஆஸ்டல் ப்ராப்பர் ஜாப் ஒரு பாட்டில். அது 5.5 சதவீதம்.

முதலில் ஈஎஸ்பி. விரித்தால் எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர். மேற்கு லண்டன் சிஸ்விக்கில் உள்ள ஃபுல்லர்ஸின் கிரிஃபின் ப்ரூவரியில் (பியர் ஆலையில்), அதுவரை குளிர்காலத்துக்கென்று காய்ச்சி வந்த வலுவான ஏலின் இடத்தில் 1971-ல் வந்தது. பழைய முறை ஏலைக் காப்பாற்ற வேண்டும் என்று காம்ரா இயக்கம் தொடங்கியதும் அதே வருடம்தான். அந்த இயக்கம் தரும் ‘சாம்பியன் பியர் ஆஃப் பிரிட்டன்’ பட்டத்தை ஈஎஸ்பி 1978, 1981, 1985 என மூன்று முறை வாங்கியது. அமெரிக்காவில் இன்று ஈஎஸ்பி என்பது ஒரு பியர் வகையின் பெயராகவே ஆகிவிட்டது. 2019-ல் ஃபுல்லர்ஸின் பியர் தொழில் ஜப்பானின் அசாஹி பியர் நிறுவனத்தின் கைக்குப் போனது.

இதைக் காய்ச்சும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தேங்காய்த் துருவலில் முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிகிறோம் அல்லவா, அதேதான். ஒரே மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) குவியலில் இருந்து முதலில் வடியும் சாறு கெட்டி, அடுத்து வடிவது நீர்த்தது. இரண்டையும் தனித்தனியே ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, வேறு வேறு அளவில் கலந்துதான் லண்டன் பிரைடு, ஈஎஸ்பி, கோல்டன் பிரைடு என்ற ஃபுல்லர்ஸ் ஏல்கள் எல்லாம் பிறக்கின்றன. ஈஎஸ்பியில் லண்டன் பிரைடின் சாயல் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அவர் நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

ஜெய்ப்பூர் இளையது. டெர்பிஷரில் தார்ன்பிரிட்ஜ் ஹால் என்ற பெரிய மாளிகையை ஒட்டிய கட்டடத்தில் 2005-ல் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் டிக்கி 2007-ல் ப்ரூடாக் என்ற பியர் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ஈஎஸ்பியில் டார்கெட், சேலஞ்சர், நார்த்டவுன், கோல்டிங்ஸ் என்று ஆங்கில ஹாப்ஸ். ஜெய்ப்பூரில் சினூக், சென்டெனியல், அடானம் என்று அமெரிக்க ஹாப்ஸ். அப்படியானால் இது எப்படி ஆங்கில ஏல் என்று நண்பர் கேட்டார். மால்ட்டைப் பாருங்கள் என்றேன். 1960-களில் கேம்பிரிட்ஜில் இருந்து வந்த மாரிஸ் ஓட்டர் என்ற பார்லி ரகம் இங்கே ஏல் காய்ச்சுகிறவர்களின் செல்லப் பிள்ளை. அது கொடுக்கும் பிஸ்கட் வாசனை ஜெய்ப்பூரின் அடியில் தெளிவாக இருக்கிறது.

ஜெய்ப்பூர் ஐபிஏ வகை. ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல், அதாவது வெளிர் நிற ஏல். கல்கத்தாவுக்கும் சென்னப்பட்டணத்துக்கும் பம்பாய்க்கும் கப்பலேறிய ஏல். கிழக்கு லண்டனில் பௌ என்ற இடத்து ஹாட்ஜ்சன் ப்ரூவரிதான் அந்த வியாபாரத்தில் முதலில் கொழித்தது. 1822-ல் பர்ட்டன் ஊரில் பியர் காய்ச்சிய ஆல்சாப் போட்டிக்கு இறங்கினார். பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) அதிகம். அந்த சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பை உலர்வாகவும் கூர்மையாகவும் காட்டும் என்பதால் போட்டியில் பர்ட்டன்தான் ஜெயித்தது. இந்தியாவுக்கென்றே இந்த ஏலைக் கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் சரியல்ல. வெளிர் நிற ஏல் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. ஹாப்ஸ் பியரைப் புளிக்கடிக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கும் என்பதால் தொலைதூரச் சரக்குக்குக் கூடுதலாகச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

சரி, கிளாஸுக்கு வருவோம்.

பாட்டில்களைக் காலையிலிருந்து ஃப்ரிட்ஜில் வைத்து, குடிப்பதற்கு அரை மணி முன்பே வெளியே எடுத்துவிட்டேன். இந்த மாதிரி ஏலுக்கு 11 முதல் 13 டிகிரி சரியான சூடு. அதற்குக் கீழே போனால் மால்ட் வாய் திறக்காது, கசப்பு மட்டும் தனியாகக் கத்தும். 500 மில்லி, 5.9 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலிலேயே கிட்டத்தட்ட 3 யூனிட் ஆல்கஹால் (10 மில்லி சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட்). வாரத்துக்கு 14-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது இங்கிலாந்தின் மருத்துவ அறிவுரை. அதனால் மூன்று பாட்டிலை மூன்று பேர் பங்கிட்டோம். நடுவில் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி.

எந்த வரிசையில் குடிப்பது என்பதில்தான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். ஜெய்ப்பூரை முதலில் குடித்துவிட்டு ஈஎஸ்பிக்குப் போனால் அது வெல்லப்பாகு மாதிரி தெரியும். மாற்றிக் குடித்தால் ஜெய்ப்பூர் வெறும் தோல் கசப்பாக நிற்கும். இரண்டுமே பொய். முதலில் ஒன்றில் அரை கிளாஸ், பிறகு தண்ணீர், ரொட்டி, அப்புறம் மற்றது. பிறகு வரிசையைத் திருப்பி இன்னொரு சுற்று. அப்போதுதான் இரண்டும் தன் குணத்தைக் காட்டும்.

முதல் வாயில் ஜெய்ப்பூரை யாராலும் வெல்ல முடியாது. கிளாஸை மூக்குக்குக் கொண்டு போகும்போதே பம்ளிமாஸ் தோலைக் கிள்ளியது போல எண்ணெய் வாசம். அதன் பின்னால் பைன் பிசின், கொஞ்சம் தேன். குடித்ததும் தேன் நாக்கின் நுனியில் ஒரு நொடி நின்று, உடனே கசப்பு வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. நண்பரின் மனைவி பொதுவாக பியர் குடிக்காதவர். “இது பழச்சாறு மாதிரி இருக்கே” என்று கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஈஎஸ்பி அப்படி ஓடி வந்து கையைப் பிடிக்காது. மூக்கில் முதலில் ஆரஞ்சு மார்மலேட், பிறகு டாஃபி, கருகாமல் சிவந்த டோஸ்ட். வாயில் கனமாக உருளும். கசப்பு மெதுவாகத்தான் ஏறும். விழுங்கி பத்து விநாடி கழித்து நாரத்தங்காய் ஊறுகாயின் தோலைக் கடித்த இடம் போல நாக்கின் பின்புறம் ஒரு கசப்பு நிற்கிறது. உப்பு இல்லை, காரம் இல்லை, அந்தத் தோல் கசப்பு மட்டும்.

இங்கே தமிழ் எனக்குக் கை கொடுத்தது. கசப்பையும் துவர்ப்பையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. பாகற்காய் வேறு, கடுக்காய் வேறு. ஹாப்ஸ் பியரில் கசப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், துவர்ப்பு ஏறினால் கிளாஸ் முடியாது. வாய் காய்ந்து, அடுத்த மடக்கு வேண்டாம் என்று தோன்றிவிடும். ஜெய்ப்பூரில் கடைசியில் துவர்ப்பு லேசாக எட்டிப் பார்க்கிறது. ஈஎஸ்பியில் மால்ட்டின் இனிப்பு அதை வெளியே வர விடுவதில்லை.

நான் தீர்ப்பை எப்போதும் கிளாஸின் கடைசிக் கால்பகுதிக்குத்தான் விடுவேன். அரை மணி போயிருக்கும், சூடு 15 டிகிரியைத் தாண்டியிருக்கும், நுரை அடங்கியிருக்கும். மறைத்து வைத்த குறை எல்லாம் அப்போது வெளியே வரும். அந்த நேரத்தில் ஜெய்ப்பூரில் வாசம் பாதிக்கு மேல் போய்விட்டது. கசப்பு மட்டும் மிச்சம், சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாத மாதிரி. ஈஎஸ்பியோ அப்போதுதான் விரிந்தது. செர்ரிப் பழமும் மிளகும் தெரிய ஆரம்பித்தன. சற்று முன் ஜெய்ப்பூரை இழுத்துக்கொண்ட அதே கை இப்போது ஈஎஸ்பி பக்கம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ப்ராப்பர் ஜாப் இரண்டுக்கும் நடுவில் வரும். வில்லாமெட், காஸ்கேட், சினூக் ஹாப்ஸ், பொன்னிறம், ஜெய்ப்பூரை விட மெலிந்த உடம்பு. நல்ல வேலை என்பதற்கு கார்ன்வால் மக்கள் சொல்லும் சொல்தான் பெயர். 1857 லக்னோ முற்றுகையில் இருந்த கார்ன்வால் படைப்பிரிவை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தொண்டையில் நிற்கும். பியரில் குறை சொல்ல ஏதுமில்லை. பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் நிமிர்த்தி வைத்து, அடியில் ஒரு விரல் அளவு விட்டு ஊற்ற வேண்டும். வெயில் நாளில், வறுத்த மீனோடு, நான் எடுப்பது இதைத்தான்.

இன்னொன்று, வாங்கும் இடம். ஒருமுறை ஒரு கடையின் ஜன்னலோரம் அடுக்கியிருந்த, நிறமில்லாத கண்ணாடிப் பாட்டில் ஏல் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். திறந்ததும் கெட்ட நாற்றம், பூனை மூத்திரமும் எரிந்த ரப்பரும் கலந்த மாதிரி. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து கந்தக நாற்றமாக மாறுவதுதான் காரணம். இம்மியளவே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அல்லது டின் என்றால் அந்தப் பயம் குறைவு. அப்புறம் தேதி. ஹாப்ஸ் வாசம்தான் முதலில் சாகும். அதனால் பல மாதம் அலமாரியில் இருந்த ஜெய்ப்பூரை வைத்து அதைக் குறை சொல்வது அநியாயம். ஈஎஸ்பி தேதியை இன்னும் பொறுத்துக்கொள்ளும். மார்மலேட் கொஞ்சம் ஷெர்ரி பக்கம் நகரும், கெட்டுப்போவதில்லை.

எனவே நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் என்றால் ஜெய்ப்பூர், புதிதாக, டின்னில். ஒருவர் ஒரு பாட்டிலோடு ஒரு முழு மாலை உட்காரப் போகிறார் என்றால், மறுபேச்சில்லாமல் ஈஎஸ்பி. செடார் சீஸும் ரொட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். லண்டனில் இருப்பவர்கள் பாட்டிலுக்கு முன் பப்பில் கேட்டுப் பாருங்கள். அங்கே கையால் இறைத்து ஊற்றும் பீப்பாய் ஈஎஸ்பி 5.5 சதவீதம்தான். குமிழி குறைவு, இன்னும் மென்மை. பீப்பாய் திறந்து மூன்று நாளைக்குள் என்றால் அந்த நாரத்தங்காய்க் கசப்பு முழுசாக இருக்கும். எப்போது திறந்தீர்கள் என்று கேட்டால் நல்ல பப்பில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு வாய் ஊற்றிக் கொடுத்துக் குடித்துப் பார்க்கச் சொல்வார்கள்.