ஹொட்டேல் றூமில பழைய வெள்ளிக் காசுக் குத்தி வேண்டப் போறவை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

ஒரு லட்சத்து நாற்பதாயிரம். போன வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில ஒரு ஹொட்டேல் றூமில எண்ணிக் குடுத்த காசு. விக்ரோறியா மகாராணி காலத்து இந்திய வெள்ளி ரூபாய் 40, ஒண்டு 3,500 படி. இண்டைக்குக் கஸ்தூரியார் வீதியில பத்தர் ஒராள் விளிம்பை உரைச்சுப் பார்த்திட்டுச் சொல்லுறார், 11தான் வெள்ளியாம். மிச்சம் 29உம் வெள்ளிப் பூச்சு.

இந்த றூம் வியாபாரம் எப்பிடி வருது எண்டு தெரியாதவைக்கு: பழைய காசுக் கண்காட்சி சனி, ஞாயிறு எண்டால் வெளியூர் வியாபாரிகள் வியாழன் இரவே வந்து மண்டபத்துக்குக் கிட்ட றூம் எடுத்திடுவினம். மண்டபம் திறக்க முன்னமே சாமான் கட்டிலில விரிபடும். முதல்ல வியாபாரியும் வியாபாரியும் மாறுவினம், நல்லதெல்லாம் அதோட சரி. பிறகு ஊருக்குள்ள பழைய வீடுகளில பெட்டகம் கிண்டி எடுத்தவை வருவினம். கடைசியாத்தான் "நாளைக்கு மண்டபத்து மேசையில இந்த விலைக்குக் கிடையாது" எண்டு போன் எடுத்துக் கூப்பிடுற எங்களை மாதிரி ஆக்கள். மேசைக் காசு இல்லை, பில் இல்லை, அதால விலை குறையிறது உண்மைதான்.

மேசையில வைக்கக் கூசுற சாமானும் அங்கதான் வரும். சேதுக் காசு, அதுதான் படுத்திருக்கிற நந்தியும் கீழ "சேது" எண்ட எழுத்தும் உள்ள செப்புக் காசு, அது 1815 மார்ச் 2க்கு முந்தினபடியால் சட்டத்தில தொல்பொருள். அதில ஏமாந்தவன் பொலிசுக்குப் போகவே யோசிப்பான். விக்கிறவைக்கு அது நல்லாத் தெரியும்.

வெள்ளி ரூபாயில கதை சொல்லுறது இன்னும் லேசு. இலங்கை தனக்கெண்டு ஒரு ரூபாய்க் குத்தி அடிச்சதே 1957இலதான். அதுக்கு முந்தின காலத்தில இந்திய வெள்ளி ரூபாய் இஞ்சையும் ஓடினது. "அம்மம்மாட பெட்டகத்தில கிடந்தது" எண்டால் ஆர் நம்பாயினம்?

நம்பின இடம் தராசு. "தம்பி, நீங்களே எடுத்து நிறுத்துப் பாருங்கோ" எண்டு குத்தி அடுக்கியிருந்த ரியூப்பை வியாபாரி நீட்டினார். மேல கிடந்த மூண்டு: 11.62, 11.58, 11.60. புதுக்குத்தி 11.66 கிராம், தேய்மானத்தோட பார்த்தால் அருமையான நிறை. பிளேன்ரீயும் வந்திது. கை மேல கிடக்கிறதைத்தான் எடுக்கும் எண்டு அந்தாளுக்குத் தெரியாமலே? அடியில கிடந்ததெல்லாம் 10 கிராமுக்குக் கிட்ட.

காரணம் அடர்த்தி. இந்த ரூபாயின்ர 91.7 வீத வெள்ளிக்குக் கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 10.3 கிராம், போலிக்குப் போடுற செம்பு-நிக்கல் கலவைக்கு 8.9. அதே அளவில செய்தால் நிறை குறையும், நிறையைச் சரிக்கட்டினால் தடிப்புக் கூடும். 10 நல்லதையும் 10 சந்தேகமானதையும் பக்கத்தில பக்கத்தில அடுக்கினால் உயரத்திலயே பிடிபடும். காந்தம் ஒட்டேல்லை எண்டு சந்தோசப்படாதேங்கோ, இந்தக் கலவையும் ஒட்டாது. தராசில தண்ணிக் கிளாசை வைச்சுப் பூச்சியமாக்கி, குத்தியை நூலில கட்டி, அடியில முட்டாமல் முழுக்கத் தாழ விடுங்கோ. 11.66 கிராம் குத்திக்கு 1.13 கிராம் காட்ட வேணும். 1.3 காட்டினால் எழும்பி வாங்கோ.

எழுத்தையும் பாருங்கோ. "விக்ரோறியா குயின்" 1876 வரைக்கும்தான், 1877இல இருந்து "எம்பிரஸ்". இந்த 29இல நாலு "குயின்" எண்ட எழுத்தோட 1885! றூமின்ர மஞ்சள் லைட்டில அது கண்ணில படேல்லை.

சனிக்கிழமை மண்டபத்தில அந்தாளுக்கு மேசையே இல்லை. ஹொட்டேலில கேட்டால், "அவர் விடியவே றூமை விட்டிட்டார், விபரம் தர ஏலாது." ஒழுங்குபடுத்தினவை, "மேசை எடுத்தவைக்குத்தான் நாங்கள் பொறுப்பு." இண்டைக்குப் போன் எடுத்தால், "பார்த்துத்தானே எடுத்தனீங்கள் தம்பி." பிறகு வட்ஸ்அப்பில புளொக். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கிடைச்ச மறுமொழி அவ்வளவுதான்.

விரிவா எழுதத்தான் இருந்தன், இப்ப பொறுமை இல்லை. 0.01 கிராம் தராசு உங்கட கையில இருக்கட்டும். ரியூப்பைக் கொட்டி அடியில கிடந்ததை நிறுங்கோ. வெள்ளை லைட் ரோச் கொண்டு போங்கோ. காசை றூமில குடுக்காதேங்கோ, "நாளைக்கு மண்டபத்தில, பில்லோட" எண்டு சொல்லிப் பாருங்கோ, அப்ப முகம் மாறுதா எண்டு கவனியுங்கோ.