தடியான ஆக்சிலைக் காட்டி 58,000 ரூபாய் வாங்கினார்கள், கீரிப்பாறை ஏற்றத்தில் உடைந்தது

போலோ ஜிடி டிடிஐ மாதிரி டீசல் வண்டியை ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி விசையைக் கூட்டி) ஓட்டும் குமரி மாவட்டத்து நண்பர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பட்டறையில் ‘ஃபோர்ஜ்டு ஆக்சில்’ (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும், அடித்து உருவாக்கிய தண்டு) என்று சொல்லி எனக்கு விற்றது லேத்தில் கடைந்த சாதாரண இரும்பு. அது உடைந்தபோது பின் சீட்டில் அம்மா இருந்தார்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் இடது முன் சக்கரத்தில் டக் டக் என்று சத்தம் வந்தது. அதற்காகத்தான் அங்கே போனேன். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போனால் ஆக்சில் முனையில் இருக்கும் சிவி ஜாயின்டின் (சக்கரம் திரும்பினாலும் விசையைக் கடத்தும் இணைப்பு) குண்டுகளும் அவை ஓடுகிற பள்ளங்களும் தேய்ந்து இந்தச் சத்தம் வரும். ஜாயின்டை மாற்றியிருந்தாலே தீர்ந்திருக்கும். அது எனக்கு அப்போது தெரியாது.

"மக்கா, 250 நியூட்டன் மீட்டர் வண்டி இது. நீ ரீமேப் போட்டு 320-க்குக் கொண்டு போயிருக்க. கம்பெனி ஆக்சில் எப்படித் தாங்கும்?" என்றார் பட்டறைக்காரர். பேச்சில் பாதி உண்மை இருந்ததால் நம்பிவிட்டேன். முதல் கியரில் எஞ்சின் விசை பத்து மடங்குக்கு மேல் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகிறது. அப்புறம் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு ஆக்சிலை என் கையில் கொடுத்து, "எவ்வளவு தடி பாரு. ஆயுசுக்கும் கிடக்கும்" என்றார். 4340 ஸ்டீல் (நிக்கல், குரோமியம் கலந்த பலமான ஸ்டீல்) என்று வாட்ஸ்அப்பில் ஒரு சர்டிபிகேட் படமும் வந்தது. பில் கேட்டேன். ஜிஎஸ்டி சேர்த்தால் பத்தாயிரம் கூடும் என்றார், சரி என்று விட்டுவிட்டேன். பழைய ஆக்சில் இரண்டையும் எக்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார். அதைக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம், ஏனென்றால் அவை நல்ல ஆக்சில்கள்.

1,400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. தடிக்காரன்கோணம் தாண்டி ஏற்றத்தில் முதல் கியரில் எடுக்கும்போது ‘படார்’ என்றது. எஞ்சின் சீறுகிறது, வண்டி நகரவில்லை, பிறகு மெதுவாகப் பின்னால் உருண்டது. ஒரு பக்க ஆக்சில் உடைந்தாலே டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) எல்லாச் சுழற்சியையும் அந்தப் பக்கமே விட்டுவிடும். மறு சக்கரத்துக்கு விசை போகாது, கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த இருவர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள்.

கழற்றிப் பார்த்தபோது ஆக்சில் நடுவில் உடையவில்லை. பல் வெட்டியிருக்கும் முனையும் தண்டும் சேரும் இடத்தில், கத்தியால் வெட்டியதுபோலத் துண்டாகியிருந்தது. அந்த மூலையில் வளைவே கொடுக்காமல் செங்குத்தாகக் கடைந்திருக்கிறார்கள். தண்டு எவ்வளவு தடியாக இருந்தாலும் பல்முனை அதே பழைய அளவுதான், எல்லா முறுக்கும் அந்த ஒரே இடத்தில் போய் விழும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் தண்டைப் பல்லின் அடி விட்டத்துக்கே இழைத்து, முறுக்கு நீளம் முழுக்கப் பரவும்படி செய்வார்கள். பார்வைக்கு அது ஒல்லியாகத்தான் இருக்கும்.

உடையாத வலது ஆக்சிலின் பல்மேல் அரத்தை வைத்து இழுத்தேன். ஹார்டனிங் செய்த (சூடாக்கிக் கடினப்படுத்திய) பல்லில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதிலோ வெல்லக்கட்டியைச் சுரண்டுவதுபோல் தூள் கொட்டியது. உடைந்த துண்டை லேபில் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது) கொடுத்தேன். 4340 என்றால் நிக்கல் ஏறத்தாழ 1.8 சதவீதம், குரோமியம் 0.8, மாலிப்டினம் 0.25 இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் நிக்கலும் மாலிப்டினமும் பெயருக்குக்கூட இல்லை. கார்பன் அளவைப் பார்த்தால் லேத் பட்டறைகளில் புழங்கும் இஎன்8 என்ற சாதாரண ஸ்டீல் மாதிரி இருந்தது.

அதைக் காட்டியதும் அவர், "நீ ஓட்டின ஓட்டுக்கு எது நிக்கும்?" என்றார். பழைய ஆக்சிலைக் கேட்டேன். விற்றாச்சாம்.

இப்போது கம்பெனி ஆக்சில்தான் போட்டிருக்கிறேன், ஆக்சிலைச் சக்கரத்தோடு இறுக்கும் ஹப் நட்டையும் புதிதாக மாற்றினேன். அதே ரீமேப்பில் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆக்சிலைப் பலமாக்கினால் அடுத்து அடி வாங்குவது ஜாயின்டும் கியர்பாக்ஸும்தான் என்று இதைப் பொருத்திய மெக்கானிக் அண்ணன் சொன்னார், அதை நான் முதலிலேயே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

உங்களிடம் யாராவது ஆக்சில் விற்க வந்தால், பெயின்ட் இல்லாமல் காட்டச் சொல்லுங்கள். பில்லில் ஸ்டீல் பெயரை எழுதி வாங்குங்கள். பழைய ஆக்சிலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. என்னிடம் பில் இல்லாததால் பணம் அனுப்பிய ஜிபே பதிவையும் வாட்ஸ்அப் படத்தையும் லேப் ரிப்போர்ட்டையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். உடைந்த துண்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதே கறுப்பு ஆக்சிலை உங்களிடமும் காட்டியிருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் வந்து இதைக் கையில் எடுத்துப் பாருங்கள்.