வெயில் என்று தேடினால் நுங்கு வருகிறது

மகளின் எம்.எஸ்சி. ஆய்வுக்காக ஒரு நாளிதழின் இணையப் பதிப்புக்குச் சந்தா கட்டினேன். கோடை வெயில் குமரி மாவட்டத்தில் யாரை எப்படிப் பாதித்தது என்று செய்திகளிலிருந்து எடுக்க வேண்டும்.

‘வெயில்’ என்று தேடினால் நுங்கு, அக்கானி (பதநீர்), நீர்மோர்ப் பந்தல் திறப்பு. படத்தில் பந்தலைவிட ரிப்பன் வெட்டுபவர் பெரிதாக இருக்கிறார். சலித்துப்போய் ‘மயங்கி விழுந்து’ என்று போட்டாள். அப்புறம்தான் ஆட்கள் வந்தார்கள்: ஒரு சித்தாள், சூளையில் செங்கல் சுமந்தவர், பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர். எல்லாம் நான்கு வரி. மதியம் 2 மணி என்று இருக்கும்; வெயில் என்ற சொல் இருக்காது.

கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வானிலைத் துறைக்கு அது வெப்ப அலை. நம்ம ஊர்ப் புழுக்கம் அந்தக் கணக்கில் வராது. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. அப்படியிருக்க, நிருபர் ‘வெயில்’ என்ற அந்த ஒரு சொல்லை எழுதினால் என்னவாம்?

பழைய பக்கங்கள் வெறும் படங்கள். தேடலில் சிக்கவே சிக்காது. இரண்டு ராத்திரி கண்ணால் புரட்டினோம். உள்ளூர்ப் பக்கத்துக்காக மூன்று நட்சத்திரம். தேடல் வசதிக்கு அரைகூடத் தரமாட்டேன்.