ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழ்: மூன்றாண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

எங்களுடையது இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுக்கும் தொழிற்கூடம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தால் எழுபது பேர் வேலை செய்கிறோம். பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர், தொழிலிட உடல்நல, பாதுகாப்பு மேலாண்மைச் சான்றிதழ் இல்லாத நிறுவனங்களுக்கு அடுத்த ஆண்டு முதல் ஆர்டர் தருவதில்லை என்று கடிதம் எழுதிய பிறகுதான் இந்த வேலையில் இறங்கினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. சான்றிதழின் மூன்றாண்டுக் காலம் இப்போது முடியப்போகிறது. இதற்காக நாங்கள் பணம் கொடுத்துப் பெற்ற சேவைகள் மூன்று: ஆலோசகரின் உதவி, உள் தணிக்கையாளர் பயிற்சி, சான்றளிப்பு நிறுவனத்தின் தணிக்கை. இவற்றில் முதலாவது எங்களுக்குப் பயன்படவில்லை, இரண்டாவது ஓரளவு பயன்பட்டது, மூன்றாவது கொடுத்த பணத்துக்கு மேல் பயன் தந்தது. இதே முடிவை எடுக்கவிருக்கும் பிற நிறுவனத்தார்க்கு உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

இந்தச் சான்றிதழுக்கு அடிப்படை, பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 45001 தரநிலை. அது 2018 மார்ச் மாதம் வெளியானது. அதற்கு முன்பு உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்திவந்தது ஓ.எச்.எஸ்.ஏ.எஸ். 18001, 1999இல் வந்து 2007இல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலை இப்போது வழக்கில் இல்லை. பழையதற்கும் புதியதற்கும் இடையில் எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு, தொழிலாளர்களின் கருத்தைக் கேட்பதும் அவர்களை முடிவுகளில் பங்கெடுக்கச் செய்வதும் 5.4 என்ற தனிப் பிரிவாகவே விரிவாக எழுதப்பட்டிருப்பதுதான். மேலாளர் அல்லாத தொழிலாளர்களையும் ஆபத்துகளைக் கண்டறிவதிலும் கட்டுப்பாடுகளைத் தீர்மானிப்பதிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கிறது. இந்த ஒரு பிரிவை ஒரு சேவை எவ்வளவு மதித்தது என்பதை வைத்தே அந்தச் சேவையை எடைபோட வேண்டும் என்பது மூன்றாண்டுகளில் எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து.

சான்றளிப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் முதலில் ஏமாறுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. அமைப்பு தரநிலையை வெளியிடுகிறதே தவிர, எந்த நிறுவனத்துக்கும் தானே சான்றிதழ் வழங்குவதில்லை. அதைத் தருபவை தனித்தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள். அந்த நிறுவனங்கள் ஐ.எஸ்.ஓ. 17021-1 என்ற தரநிலைப்படி நடக்கின்றனவா என்று பார்த்து அங்கீகரிப்பவை அங்கீகார அமைப்புகள். விசாரிக்கத் தொடங்கிய வாரத்திலேயே, பத்து நாளில் சான்றிதழ் கையில் கிடைக்கும், யாரும் நேரில் வரத் தேவையில்லை என்று எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அப்படிப்பட்ட தாளை விவரம் தெரிந்த வாடிக்கையாளர் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார். எந்த அங்கீகார அமைப்பின் கீழ் சான்றளிக்கிறீர்கள், அந்த அங்கீகாரம் 45001 தரநிலைக்கும் எங்கள் தொழில் பிரிவுக்கும் பொருந்துமா என்று கேட்டு, பதிலை அந்த அங்கீகார அமைப்பின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நாங்கள் ஒப்பந்தம் போட்டோம்.

விண்ணப்பப் படிவமும் நல்ல அடையாளம் காட்டும். நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனம் எத்தனை ஷிஃப்ட், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், என்னென்ன இயந்திரங்கள், கடந்த ஆண்டுகளில் நடந்த விபத்துகள் எவை என்று எல்லாவற்றையும் கேட்டது. ஆட்களின் எண்ணிக்கையையும் வேலையின் ஆபத்து நிலையையும் கொண்டுதான் தணிக்கைக்கு எத்தனை நாள் தேவை என்று கணக்கிட வேண்டும். இவற்றைக் கேட்காமல் உடனே விலை சொல்பவர் எதை வைத்து அந்த விலையைச் சொல்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

இனி ஆலோசகர். ஐந்து வாரத்தில் எல்லா ஆவணங்களையும் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன அவர் சொன்னபடியே முடித்துத் தந்தார். பருமனான நான்கு கோப்புகள், அழகான அட்டை, ஒவ்வொரு பக்கத்திலும் எங்கள் நிறுவனத்தின் பெயர். அவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோது, இடர் மதிப்பீட்டுப் பட்டியலில் நாங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத கரைப்பான் கலனில் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. நாங்கள் நாள்தோறும் செய்யும் கிரைண்டிங் வேலைக்கோ மூன்றே வரிகள். வேறொரு தொழிற்சாலைக்காக எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் என்பது விளங்கியது. அவர் எங்கள் பணித்தளத்தில் நடந்தது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். ஒரு தொழிலாளியிடமும் பேசவில்லை. தரநிலை அத்தனை ஆவணங்களைக் கேட்கவும் இல்லை. அந்தக் கோப்புகளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட நாங்கள் இப்போது பயன்படுத்துவதில்லை. தரநிலையை வாங்கி, பொறுமையாகப் படித்து, நம் வேலையை நாமே எழுதினால் போதுமானது. தடுமாறும் இடங்களில் மட்டும் அனுபவசாலி ஒருவரிடம் ஓரிரு நாள் உதவி கேட்கலாம்.

நம் ஆட்களே நம் வேலையைத் தணிக்கை செய்யக் கற்றுத்தரும் உள் தணிக்கையாளர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு நாள் வகுப்பு. தரநிலையின் பிரிவுகளை நன்றாக விளக்கினார்கள். இயந்திரத்தின் முன் நின்று எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்குப் பயிற்சி தரவில்லை. வெல்டர் ஒருவரையும் ஃபிட்டர் ஒருவரையும் அந்த வகுப்புக்கு அனுப்பியது நாங்கள் எடுத்த நல்ல முடிவு; அலுவலகத்தார் மட்டும் போயிருந்தால் பாதிப் பயன்கூடக் கிடைத்திருக்காது.

சான்றளிப்புத் தணிக்கை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டத்தில் ஆவணங்களையும் இடத்தையும் பார்த்து, இரண்டாம் கட்டத்துக்கு நாம் தயாரா என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு நாள் நடந்தது. கரைப்பான் கலன் வந்த பக்கத்தை நாங்கள் முன்பே நீக்கியிருந்தும், அதே கோப்பிலிருந்து வந்த இன்னொரு பிழையைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். இரண்டாம் கட்டத்துக்கு இருவர் மூன்று நாள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தம் நேரத்தில் பாதிக்கு மேல் பணித்தளத்தில்தான் கழித்தார்.

இரண்டாம் நாள் காலை அவர், தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் முன் வந்து நின்றார். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் இறங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. எங்கள் இடர் மதிப்பீட்டில் இந்தக் கட்டுப்பாட்டை எழுதி, எஞ்சிய ஆபத்து 'குறைவு' என்று போட்டிருந்தோம். தினசரிச் சரிபார்ப்புப் பட்டியலிலும் எல்லா நாளும் டிக் விழுந்திருந்தது. அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. பொத்தான்களைக் குனிந்து பார்த்தார். வலது பொத்தானின் பச்சை வண்ணம் தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. இடது பொத்தானில் வண்ணம் புத்தம் புதிதாக இருந்தது. "இந்தப் பக்கம் நீங்க அழுத்துறதே இல்லையோ?" என்று இயந்திரத்தை ஓட்டுபவரிடம் அமைதியாகக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். உடனே தணிக்கையாளர் என் பக்கம் திரும்பி, "சார், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் இவர்கிட்ட தனியாப் பேசிக்கிறேன்" என்றார்.

பத்து நிமிடம் பேசினார்கள். நீளமான தகடு போடும்போது அதன் முன்முனை சாய்ந்துவிடுவதால் ஒரு கையால் தாங்கிப் பிடித்தே ஆக வேண்டியிருந்தது; அதனால் இடது பொத்தானை ஒரு ரப்பர்த் துண்டால் அழுத்திக் கட்டிவிட்டு, வலது கையால் மட்டும் வேலை செய்துவந்திருக்கிறார். மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொல்லியும், 'இந்த லாட் முடியட்டும், பார்க்கலாம்' என்ற பதில்தான் கிடைத்தது. தணிக்கை நாள் என்பதால் அன்று ரப்பரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து இயந்திரத்தின் மேசைமேல் வைத்தார். பழைய டியூபில் வெட்டிய துண்டு அது. நடுவில் பொத்தானின் வட்டம் அச்சாகப் பதிந்து, அந்த இடம் தாள்போல மெலிந்திருந்தது. எத்தனை மாதங்களாக அது அங்கே இருந்திருக்கும் என்பதை அந்தப் பள்ளமே காட்டியது. நாள்தோறும் அந்த இயந்திரத்தைக் கடந்து போகிற எனக்கு அன்றுவரை அது தெரியாது.

தணிக்கையாளர் அதை மேஜர் என்.சி.யாக, அதாவது பெருங்குறையாக எழுதினார். தொழிலாளியைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. கட்டுப்பாடு செயல்படவில்லை, அதைச் சொன்ன தொழிலாளியின் சொல் மேலே போய்ச் சேரவில்லை, மதிப்பீடு நடைமுறையோடு பொருந்தவில்லை என்று மூன்று செய்திகள் இருந்தன. பெருங்குறை தீர்ந்ததற்கான சான்றை அவர்கள் ஏற்கும்வரை சான்றிதழ் கிடையாது. ஆறு மாதத்துக்குள் தீராவிட்டால் இரண்டாம் கட்டத்தையே திரும்ப நடத்த வேண்டும்.

ஆலோசகர் உடனே ஒரு பதில் எழுதித் தந்தார்: தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம், மறுபயிற்சி, சுவரில் ஓர் அறிவிப்பு. அவசரத்தில் நாங்களும் அதை அப்படியே அனுப்பிவிட்டோம். தணிக்கையாளர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பினார். குறைக்கான மூலகாரணத்தைத் தேடச் சொன்னார். தரநிலையின் 8.1.2 பிரிவு கட்டுப்பாடுகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் ஆபத்தை அறவே நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றால் மாற்ற வேண்டும். அடுத்துப் பொறியியல் தடுப்பு. அதற்கும் பிறகுதான் பயிற்சியும் அறிவிப்பும் போன்ற நிர்வாக ஏற்பாடுகள். கையுறை, கண்ணாடி போன்ற தற்காப்புச் சாதனங்கள் கடைசியில். நாங்கள் நான்காம் படியில் தொடங்கியிருந்தோம். பிரஸ் ஓட்டுபவரையும் ஃபிட்டரையும் உட்காரவைத்துப் பேசியபோது, தகட்டைத் தாங்க முன்பக்கம் ஒரு ரோலர் ஸ்டாண்டு வைத்தால் கை தேவையே இல்லை என்று அவர்கள்தாம் சொன்னார்கள். உயரத்தையும் அவர்களே அளந்து கொடுத்தார்கள். கூடவே, இரண்டு பொத்தான்களையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், இரண்டையும் விட்டால்தான் அடுத்த முறை இயங்கும் என்ற வகையில் மின்சுற்றை மாற்றினோம். இனி ஒரு பொத்தானைக் கட்டிவைத்தால் இயந்திரம் ஓடாது. ஆறு வாரத்தில் குறை தீர்ந்தது, சான்றிதழும் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறிக்கை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதன் மொழி மேற்பார்வையாளர்களுக்கே புரியாத அளவுக்குக் கடினமாக இருந்ததால், நான் அதை எளிய தமிழில் திரும்ப எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. முதல் கண்காணிப்புக்கு வேறொருவர் வந்தார். அவர் பெரும்பாலும் கூட்ட அறையில் அமர்ந்து பதிவேடுகளையே புரட்டினார். பணித்தளத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அன்று ஒரு குறையும் எழுதப்படவில்லை. எங்கள் நிர்வாகத்தினர் அதை மகிழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. அதே ஆண்டில், கிரேன் கொக்கியின் பூட்டு வேலை செய்யாததை ஒரு ஒப்பந்தத் தொழிலாளி கண்டு சொல்லியிருந்தார். தணிக்கையாளர் தளத்தில் சற்று நேரம் நின்றிருந்தால் அவரே கண்டிருப்பார். இதைச் சான்றளிப்பு நிறுவனத்துக்கு முறையாக எழுதினோம். இரண்டாவது கண்காணிப்புக்கு முதலில் வந்த மூத்தவரையே அனுப்பினார்கள். புகாரைப் புறந்தள்ளாமல் நடவடிக்கை எடுத்ததை அவர்களின் நற்பண்பாகவே கருதுகிறேன்.

இன்னொரு பெரிய குறை, தணிக்கை மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடுவது. எங்களிடம் பழுதுபார்ப்பு வேலை இரவு ஷிஃப்டில்தான் நடக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, பலகை மாட்டி, இயந்திரத்தின் உள்ளே கைவிடும் வேலை அது. எங்களுக்கு இருக்கும் ஆபத்துகளில் மிகப் பெரியதை மூன்றாண்டில் ஒரு தணிக்கையாளரும் நேரில் பார்க்கவில்லை.

சான்றிதழால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு: அந்த வாடிக்கையாளரின் ஆர்டர் நிலைத்தது. அதைவிட நான் பெரிதாக மதிப்பது, மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தொழிலாளர்கள் இப்போது தாங்களாகவே வந்து சொல்வதுதான். முன்பு ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ பதிவாகும். இப்போது மாதத்துக்கே ஐந்தாறு வருகின்றன. விபத்து கூடிவிட்டதா என்று நிர்வாகத்தில் ஒருவர் கவலைப்பட்டார். முன்பும் இவை நடந்தன, நமக்குத் தெரியாமல் நடந்தன என்று ரப்பர்த் துண்டைக் காட்டி விளக்கினேன். அதை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சான்றிதழைப் பெற்றவர்கள் அதில் எழுதியிருக்கும் பணி எல்லையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்; அலுவலகத்தை மட்டும் உள்ளே வைத்துப் பட்டறையை வெளியே விட்ட சான்றிதழ்களையும் நான் பார்த்திருக்கிறேன். பொருளின் மேலோ அதன் பெட்டியின் மேலோ இந்தச் சான்றுக் குறியை அச்சடிக்கவும் கூடாது. சான்று பெற்றிருப்பது மேலாண்மை முறை, பொருள் அன்று.

மறுசான்றளிப்புக்கு அதே நிறுவனத்தோடுதான் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்; ஆலோசகரை அழைக்கவில்லை. இடர் மதிப்பீடு முழுவதையும் இந்த முறை ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் அதை ஓட்டுபவரோடு நின்று எழுதியிருக்கிறோம். தணிக்கைத் திட்டத்தில் இரவு ஷிஃப்டுக்கு ஒரு முழு இரவு ஒதுக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டோம். ஒதுக்கியிருப்பதாகச் சென்ற வாரம் பதில் வந்தது.